ஏவலும் ஈரேவலும்

கெடில நதியின் கரையில், பண்ணுருட்டியை அடுத்து விளங்கும் பழம்பெரும் ஊர் திருவதிகை. அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய இவ்வூர், சிவபெருமான் முப்புரம் எரித்த வரலாற்றோடு இணைத்துப் பேசப்படுவது. அவ்வரலாற்றில் வரும் தேர் விந்தையானது. நிலவுலகம் தேர்த்தட்டாயிற்று, கதிரவனும் திங்களும் சக்கரங்கள் ஆயினர், நான்கு வேதங்களும் குதிரைகளாக நின்றன, பிரமன் சாரதியாக அமர்ந்தான். மூன்று கோட்டைகளும் வானில் தனித்தனியே பறந்து திரிவன. அவை ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும் ஒரு கணப்பொழுதில்தான் அவற்றை வீழ்த்த இயலும் என்பது கதை.

தேர்மேல் நின்றவர் சாரதியிடம் உரைத்தது யாதாக இருத்தல் கூடும்? 'முப்புரத்தை நோக்கிச் செலுத்துக' என்ற ஒரு சொல்லே போதுமானது. எந்தக் குதிரையின் கடிவாளத்தை எத்துணை இழுப்பது, எப்பொழுது தளர்த்துவது என்பன சாரதி அறிந்தவை. தேர்மேல் நிற்பவர் ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியே ஆணையிட முற்பட்டால், கோட்டைகள் நேர்கோட்டில் நிற்கும் அக்கணம் கழிந்துபோகும். ஆயினும், கடிவாளத்தின் இயல்பைச் சாரதி அறியாதவனாயின் தேர் பள்ளத்தில் கவிழும் என்பதும் உண்மையே.

ஊர்த் தேரோட்டத்திலும் இவ்விரு நிலைகளையும் காணலாம். கொடியசைத்துத் 'தேர் புறப்படட்டும்' என்பவர் ஒருவர். வடம் பிடிப்போர் பலர். சக்கரத்தின் அருகே குனிந்தவாறு முட்டுக்கட்டை இடுவோர் சிலர். பின்னால் சன்னை போட்டு உந்துவோர் சிலர். கொடியசைப்பவர் கூறுவது ஊர்வலத்தைப் பற்றியது. முட்டுக்கட்டைக்காரர் கருதுவதோ, இந்தச் சக்கரம் இந்தக் கணத்தில் எவ்வளவு உருளலாம் என்பதை. கொடியசைப்பவர் பிழை செய்தால் தேர் காலந்தாழ்ந்து நிலைக்கு வரும். முட்டுக்கட்டை இடுபவர் பிழை செய்தாலோ உயிரே போய்விடும்.

தமிழ் இலக்கணம் இவ்வேறுபாட்டை நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டுரைத்தது. 'செய்' என்பது ஏவல். 'செய்வி' என்பது பிறரைக் கொண்டு செய்யுமாறு ஏவுவது. 'செய்விப்பி' என்பதோ அதற்கும் மேற்பட்டது. செய்விப்பவன் ஒருவனை ஏவுவது. இதனை ஈரேவல் என்பர் நன்னூலார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் வகுத்துரைத்த அந்நூலை வகுப்பில் நெட்டுருச் செய்யும் மாணவர் பலர், 'வழக்கில் இல்லாத இச்சொல்லால் பயன் யாது?' என்று வினவுவதுண்டு. இந்நாளில் கருவிகளுக்கு ஆணையிடும் அறிவியலார் அன்றாடம் கையாள்வது இந்த ஏவலையும் ஈரேவலையுமே. அவர்கள் அவற்றைக் கீழ்நிலை ஆணை என்றும் மேல்நிலை ஆணை என்றும் வழங்குவர். கீழ், மேல் என்னும் சொற்கள் இழிவையும் உயர்வையும் குறிப்பன அல்ல. கருவியின் உறுப்புகளை நேரே தொடுவது கீழ்நிலை. பணியின் நோக்கத்தை மட்டும் உரைப்பது மேல்நிலை. லேசர் ஒளியால் தொலைவை அளக்கும் கருவியைக் கொண்டு இதனை விளங்க அறியலாம்.

லேசர் என்பது, ஒரே நிறமும் ஒரே ஒழுங்கும் உடையதாய், மிகுதியாக விரியாமல் நெடுந்தொலைவு செல்லும் ஒளிக்கற்றை. 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்னும் அறிஞர் இதனை முதன்முதலாக இயற்றிக் காட்டினார். வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் 29,97,92,458 மீட்டர் செல்லும். ஆதலின், ஒளித் துடிப்பு ஒன்றை ஒரு பொருளின்மீது செலுத்தி, அது பட்டு மீள்வதற்கு ஆகும் காலத்தை அளந்தால் தொலைவு புலப்படும். காலத்தை ஒளியின் விரைவால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். போதலும் மீளலும் சேர்ந்த காலம் அன்றோ அது?

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. அறுபது மீட்டர் தொலைவிலுள்ள பொருளுக்கு ஒளி சென்று மீள ஆகும் காலம், ஒரு நொடியைக் கோடி கூறாக்கினால் அவற்றுள் நான்கு கூறே ஆகும். தொலைவை ஒரு சென்டிமீட்டர் திருத்தத்தோடு அறிய வேண்டுமாயின், ஒரு நொடியில் 1,500 கோடியில் ஒரு பங்கு காலத்தைக் கருவி பகுத்துணர வேண்டும். மனிதன் கண்ணிமைப்பதற்குள் அக்கருவியினுள் நிகழ வேண்டியவை எண்ணிறந்தன.

இனி, திருவதிகைக் கோயிலின் வெளிமுற்றத்தில் இத்தகைய கருவி ஒன்று முக்காலியின்மேல் நிறுத்தப்பட்டுள்ளது எனக் கொள்க. கோபுர உச்சியின் உயரம் காணல் வேண்டும். பண்டைக் காலத்தில் நிழலை அளந்து உயரம் கண்டனர். திருவதிகை விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஊர்மக்கள் கூறுவராதலின், நிழலை நம்பி வந்த கணக்கன் இவ்வூரில் இடர்ப்பட்டிருப்பான் போலும்! ஒளியை நம்பி வந்தவனுக்கு அவ்விடர் இல்லை.

கீழ்நிலை ஆணைகளால் கருவியை இயக்குபவன் ஒவ்வொன்றாக ஏவுதல் வேண்டும். 'ஒளியூற்றுக்கு மின்சாரம் ஊட்டு. அதன் வெப்பம் உரிய நிலையை எய்தும்வரை காத்திரு. கிடைநிலைச் சுழலியை இத்துணைப் பாகை திருப்பு. தொலைநோக்கியை இத்துணைப் பாகை உயர்த்து. காலங்காட்டும் எண்ணியைச் சுழியாக்கு. மூடியைத் திற. துடிப்பை விடு. மீண்ட ஒளி ஏற்பானைத் தொட்டவுடன் எண்ணியை நிறுத்து. எண்ணைப் படி. மூடியை அடை.' இவ்வாணைகளும் இவ்வாறு சொற்களாக இருப்பதில்லை. கருவியின் நினைவகத்தில் இத்தனையாம் முகவரியில் இந்த எண்ணை எழுதுக என்னும் வடிவிலேயே பெரும்பாலும் அமையும். ஓர் எண்ணுக்கு மூடியைத் திற என்பது பொருளாகும். அடுத்த எண்ணுக்கு மின்சாரத்தை நிறுத்து என்பது பொருளாகும். எழுத்துப் பிழை ஒன்று பொருளையே மாற்றும் என்பதைத் தமிழ் மாணவருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அரம், அறம் என்னும் இரு சொற்களே போதும்.

இத்துணை ஏவியும் கிடைப்பது உயரம் அன்று. கடிகையின் துடிப்பு எண்ணிக்கை மட்டுமே. அதனைத் தொலைவாக மாற்றுதல் வேண்டும். கருவியின் உள்ளேயே ஒளியும் மின்சாரமும் கடக்கும் சிறுகாலத்தைக் கழித்தல் வேண்டும். காற்றில் ஒளி வெற்றிடத்தைவிடச் சற்றே மெல்லச் செல்லும். காற்றின் வெப்பமும் அழுத்தமும் மாறினால் அவ்விரைவும் மாறும். வெப்பம் ஒரு பாகை மாறின், ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பிழை நேரும். இவற்றையெல்லாம் திருத்திய பின்னர் முக்கோணக் கணக்கு வரும். சாய்வுத் தொலைவு 60 மீட்டர், ஏற்றக்கோணம் 30 பாகை எனின், உச்சியானது கருவியைவிட 30 மீட்டர் உயரத்தில் உள்ளது. கருவி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்குமாயின் மொத்த உயரம் முப்பத்தொன்றரை மீட்டர்.

மேல்நிலை ஆணையால் இயக்குபவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. 'இவ்வுச்சியின் உயரத்தை அளந்து கூறு' என்பது ஒன்றே அவன் ஏவல். கருவியினுள் அமைந்த கணிப்பொறி அவ்வொரு சொல்லைப் பல சிறு ஏவல்களாக விரித்து, உரிய முறையில் உறுப்புகளுக்கு இடும். ஒருமுறைக்குப் பன்முறை அளந்து, முரண்பட்ட அளவுகளைத் தள்ளி, எஞ்சியவற்றின் சராசரி கண்டு, திருத்தங்களையும் செய்து, முடிந்த முடிவாக ஓர் எண்ணைக் காட்டும். மனிதன் கணிப்பொறியை நோக்கி 'அளப்பி' என்கிறான். கணிப்பொறி உறுப்பை நோக்கி 'அள' என்கிறது.

எனின், கீழ்நிலை ஆணைகளை முற்றும் ஒழித்துவிடலாமே எனச் சிலர் கருதுவர். அக்கருத்து ஏற்புடையதன்று. கோபுரங்களில் புறாக்கள் மிகுதி. உச்சியை நோக்கிச் செல்லும் ஒளியின் குறுக்கே புறா ஒன்று பறந்தால், ஒளி அதன் சிறகில் பட்டு மீளும். ஒவ்வோர் அளவையும் தனித்தனியே காண்பவன் ஐம்பத்தொன்பதும் அறுபதுமாக வந்த எண்களினிடையே நாற்பது ஒன்று புகுந்ததைக் கண்டு, அது புறா என உணர்வான். மேல்நிலை ஆணையில் அந்த நாற்பது மறைந்துபோகும். தள்ளப்பட்டு மறைந்தால் நன்று. சராசரியோடு கலந்து மறைந்தாலோ, விடையைப் பார்ப்பவனுக்கு ஐயமே எழாது. கோபுர இடுக்கில் முளைத்த அரசங்கன்றின் இலையில் ஒளி பட்டு மீளுமாயின் பத்து முறையும் ஒரே தவற்றையே கருவி கூறும். எளிதாகக் கிடைத்த விடையை ஆராயும் பழக்கம் மனிதரிடத்தில் குறைவு.

மற்றொரு புறம், கீழ்நிலை ஆணை தீங்கு விளைப்பதற்கும் இடனாகும். அளவைக் கருவிகளில் பெரும்பாலானவை கண்ணுக்கு ஊறு செய்யாத மெல்லொளியையே பயன்படுத்துவன. ஆயினும், ஆற்றல் மிக்க லேசர்கள் நொடிப்பொழுதில் விழித்திரையைச் சுட்டுப் பார்வையைப் போக்கவல்லவை. எனவே, எதிரே தடையின்றி வழி இருந்தாலன்றி மூடி திறவாதபடியும், ஆற்றல் ஓர் எல்லையைக் கடவாதபடியும் கருவி செய்வோர் காப்பு அமைப்பர். மேல்நிலை ஆணைகள் அக்காப்பின் வழியாகவே செல்லும். உறுப்பை நேரே தொடும் ஆணையோ சில கருவிகளில் அக்காப்பைத் தாண்டிச் செல்லக்கூடும். அதனால் அத்தகைய ஆணைகளைப் பழுதுபார்ப்போர் கையில் மட்டும் விட்டு, ஏனையோருக்கு மறைத்து வைப்பதே நிறுவனங்களின் வழக்கம்.

உறுப்புகளை அறிந்தவனுக்கும் நோக்கத்தை மட்டும் அறிந்தவனுக்கும் உள்ள வேறுபாடு லேசர் தோன்றுவதற்கு முன்னரே இந்நாட்டில் வெளிப்பட்டது. கெடிலம் திருவதிகையைக் கடந்து கிழக்கே சென்று, திருவந்திபுரம் என மக்கள் வழங்கும் திருவயிந்திரபுரத்தை அடைகிறது. வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படைஞர், 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, நிலவுலகின் வடிவத்தை அறியும் பெரும்பணியைத் தொடங்கினார். அவர் முதலில் அளந்த தீர்க்கரேகை வில்லின் தென்முனை இத்திருவந்திபுரமே. அங்கிருந்து வடக்கே ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுதியான அளவு அவ்வில் நீண்டது. எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை அருகில் வைத்து, வெப்பத்தால் சங்கிலி நீளும் அளவையும் கணக்கிட்டு அவர் அடிக்கோட்டை அளந்தார். இன்று கருவி தானாகச் செய்யும் திருத்தத்தை அன்று அவர் கையால் செய்தார் என்க.

லாம்டனிடம் இருந்த கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அதனை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்தது. அந்நாளில் அத்தகைய வேறொரு கருவியை வரவழைக்கக் கடல் கடந்து இங்கிலாந்துக்கு எழுத வேண்டும். லாம்டன் அக்கருவியைத் திருகு திருகாகக் கழற்றி, கோணிய வட்டத்தைத் தாமே சிறிது சிறிதாக நிமிர்த்திச் செப்பனிட்டார். 'கோணத்தை அளந்து வா' என்று பிறரை ஏவ மட்டும் அறிந்தவராக அவர் இருந்திருப்பின், அப்பணி அன்றே நின்றிருக்கும்.

தரையில் நிற்கும் கருவி கெட்டால் கையால் திருத்தலாம். கையெட்டாத் தொலைவில் உள்ள கருவிக்கு ஆணையே கை. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-1 என்னும் கலம், பதினொரு கருவிகளைத் தாங்கித் திங்களைச் சுற்றியது. அத்திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர் பொள்ளாச்சிப் பகுதியிலுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. அப்பதினொன்றில் ஒன்று, திங்களின் மேடுபள்ளங்களை அளக்கும் லேசர்க் கருவி. பெங்களூரில் உள்ள இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மின்னணு ஒளியியல் ஆய்வகம் அதனை ஆக்கியது. நவம்பர் 16ஆம் நாள், கலம் திங்களின் மேலைப்பகுதியைக் கடக்கும்போது அக்கருவி இயக்கப்பட்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளித்துடிப்புகளைச் செலுத்தி, நொடிக்குப் பத்து அளவுகள் வீதம், திங்களின் பகற்பக்கத்தையும் இரவுப் பக்கத்தையும் அது அளந்தது.

நொடிக்குப் பத்து முறை 'சுடு, நிறுத்து, படி' என்று மண்ணிலிருந்து ஏவ இயலுமா? ஆணையை ஏந்திச் செல்லும் வானொலி அலை திங்களை அடையவே ஒன்றேகால் நொடிக்கு மேலாகும். கலமோ ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திங்களின் மறுபுறம் சென்று மறையும். அப்போது பெங்களூரை அடுத்த பயலாலு கிராமத்தில் நிற்கும் 32 மீட்டர் அகன்ற அலைவாங்கியும் அதனோடு பேச இயலாது. எனவே, கருவி தன் சிறு ஏவல்களைத் தானே இட்டுக்கொள்ளுமாறு அமைத்தனர். இன்ன நேரத்தில் இன்னது செய்க எனக் காலம் குறித்த ஆணைகளை முன்னதாகவே அனுப்பிச் சேமித்து வைப்பதும் விண்கலங்களை இயக்குவோர் வழக்கம்.

ஈரேவலின் ஆற்றலைப் பின்னும் தெளிவாகக் காட்டியது சந்திரயான்-3. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் என்னும் இறங்கு கலம் திங்களில் மோதிச் சிதைந்தது. அத்தோல்வியின் காரணங்களை ஆராய்ந்து அமைக்கப்பட்ட அடுத்த கலத்துக்குத் திட்ட இயக்குநராக அமைந்தவர், திருவதிகைக்கு அணித்தாகிய விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். அக்கலத்தில் உயரத்தை அளக்க லேசர் உயரமானி இருந்தது. கலம் இறங்கும் விரைவை அளப்பதற்கு லேசர் விரைவுமானி ஒன்றும் புதிதாகச் சேர்க்கப்பட்டது. எதிரே வரும் புகைவண்டியின் ஊதல் ஒலி உயர்ந்தும், கடந்து செல்லும் வண்டியின் ஒலி தாழ்ந்தும் கேட்பது போல, அசையும் கலத்திலிருந்து சென்று மீளும் ஒளியின் அதிர்வெண்ணும் மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு விரைவைக் கணிப்பது அக்கருவி.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை. கலம் திங்களுக்கு மேலே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் சென்றுகொண்டிருந்தது. 5 மணி 44 நிமிட அளவில் தானியங்கு இறக்கத் தொடர் தொடங்கியது. அதன்பின் மனிதர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பெங்களூரில் இருந்தோர் திரையில் ஓடும் எண்களை நோக்கியவாறு அமர்ந்திருந்தனர். கலம் தானே உயரத்தை அளந்தது, விரைவை அளந்தது, பொறிகளின் உந்துதலைக் கூட்டியும் குறைத்தும் தன்னை நிமிர்த்திக்கொண்டது, 150 மீட்டர் அளவில் மிதந்து நின்று, பள்ளமும் பாறையும் அற்ற இடத்தைத் தேர்ந்தது, 6 மணி 4 நிமிட அளவில் தரை தொட்டது. அவ்விருபது நிமிடங்களில் லேசர்க் கருவிகளுக்கும் பொறிகளுக்கும் கணிப்பொறி இட்ட சிறு ஏவல்களை மனித நாவால் எண்ணிச் சொல்லி முடிக்க இயலாது.

ஆனால், அந்த ஒற்றை ஈரேவலுக்குப் பின்னால் நான்கு ஆண்டு உழைப்பு இருந்தது என்பதை மறத்தலாகாது. கருவி ஒன்று பழுதுற்றால் என் செய்வது, பொறி குறைவாக உந்தினால் என் செய்வது, அளவு ஒன்றோடொன்று முரண்பட்டால் எதனை நம்புவது என்று ஒவ்வொரு கேட்டையும் முன்னரே எண்ணி, அதற்குரிய கீழ்நிலை ஏவல்களைப் பொறியியலார் எழுதிவைத்தனர். இறங்குவதற்கு உரிய நிலப்பரப்பும் முன்னையதனினும் பன்மடங்கு பெரிதாக்கப்பட்டது. மேல்நிலை ஆணை இடுபவன் உழைப்பைக் குறைத்துக்கொள்கிறான் என்று நினைப்பது பிழை; உழைப்பை முன்னதாகவே செய்துவிடுகிறான் என்பதே பொருந்தும்.

கீழ்நிலை ஆணையால் நேர்ந்த கேட்டுக்கும் சான்று உண்டு. 1988ஆம் ஆண்டில் சோவியத் நாடு செவ்வாய்க்கோளை நோக்கி அனுப்பிய போபோஸ்-1 என்னும் கலம், அனுப்பிய ஆணைத்தொடரில் ஒரு குறியீடு விடுபட்டதால், தன் நிலையைக் காக்கும் பொறிகளையே நிறுத்திக்கொண்டு மின்னாற்றல் இழந்து மடிந்தது. அதனினும் இரங்கத்தக்கது அமெரிக்க நாட்டின் மார்ஸ் குளோபல் சர்வேயர் அடைந்த முடிவு. 1996ஆம் ஆண்டு நவம்பரில் ஏவப்பட்ட அக்கலத்தில் லேசர் உயரமானி ஒன்று இருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஒளித்துடிப்புகளைச் செலுத்தி, செவ்வாயின் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் அளந்து, உலகம் வியக்கும் உயரப்படம் ஒன்றை அது வரைந்து தந்தது. லேசர் 2001ஆம் ஆண்டில் ஓய்ந்த பின்னும் ஏனைய கருவிகளோடு கலம் பணியாற்றி வந்தது.

அக்கலத்தில் ஒன்றற்கு ஒன்று துணையாக இரு கணிப்பொறிகள் இருந்தன. அலைவாங்கியைத் திருப்புதற்குரிய எண்கள் அவ்விரண்டிலும் முற்றும் ஒத்திருக்கவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. தீங்கற்ற சிறு வேறுபாடே அது. அதனைத் திருத்தவேண்டி 2006ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நினைவகத்தை நேரே மாற்றும் ஆணை அனுப்பப்பட்டது. எண்கள் தவறான இரண்டு முகவரிகளில் சென்று பதிந்தன. ஐந்து திங்கள் ஒருவரும் அதனை அறிந்திலர். நவம்பர் 2ஆம் நாள், கதிரவ ஒளிப் பலகையைத் திருப்புமாறு வழக்கமான ஆணை ஒன்று சென்றது. பலகை தன் எல்லையில் சென்று முட்டியது. கலம் இடருற்றதாக உணர்ந்து, கதிரவனை நோக்கித் தன்னைத் திருப்பிக்கொண்டது. மின்கலம் ஒன்று நேர்வெயிலில் காய்ந்து சூடேறியது. சூடேற்றத்தை மின்னூட்ட மிகுதி எனக் கணிப்பொறி தவறாகக் கருதி, மின்னூட்டத்தை நிறுத்தியது. அலைவாங்கியும் தவறான திசையை நோக்கியிருந்தமையால் கலத்தின் துயரம் மண்ணுலகை எட்டவில்லை. சில மணி நேரத்தில் ஆற்றல் அனைத்தும் வடிந்து, பத்தாண்டு உழைத்த கலம் ஊமையாயிற்று.

இக்கேட்டை 2007ஆம் ஆண்டில் ஆராய்ந்த குழுவினர் தனியொருவரைக் குற்றவாளியாகக் காட்டவில்லை. எழுதிய ஆணை உரிய இடத்தில் சென்று பதிந்ததா என்று சரிபார்க்கும் முறை போதாமையையே சுட்டினர். உறுப்பை நேரே தொடும் ஆணையைத் தடுத்துக் கேட்பார் ஒருவரும் இல்லை. தேரடியில் முட்டுக்கட்டை இடுபவரின் பின்னால் ஒருவர் நின்று அவர் கையையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பதைத் திருவிழாக் கண்டோர் அறிவர். அத்தகைய ஒருவர் அங்கு இல்லாமற் போனார்.

விக்ரம் கலம் இரண்டு வாரப் பணியை முடித்துத் திங்களின் இரவில் உறங்கிய பின்னரும், அதன்மேல் கண்ணாடி முப்பட்டகங்கள் எட்டைத் தாங்கிய சிறு கருவி ஒன்று எஞ்சியிருந்தது. அகலம் ஐந்து சென்டிமீட்டர், மின்சாரம் வேண்டாதது, எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் இயல்பினது. அமெரிக்க நாட்டு விண்கலம் ஒன்று 2009ஆம் ஆண்டு முதல் திங்களைச் சுற்றி வந்து, லேசர் உயரமானியால் அதன் நிலப்பரப்பை அளந்துவந்தது. அந்த உயரமானி நிலத்தை மேலோட்டமாக அளப்பதற்கென அமைந்தது. உள்ளங்கையளவான ஒரு பொருளைத் தேடிச் சுடுவதற்கென அமைந்தது அன்று. வழக்கமான ஏவலால் அது விக்ரமைக் காணாது. ஏனெனில், அதன் ஒளிப்புள்ளிகளுக்கு இடையே அகன்ற வெளி உண்டு. ஆகவே, கலத்தையே விக்ரம் இருக்கும் திசைக்குத் திருப்பும்படி அறிஞர்கள் தனியாக ஆணை வகுத்தனர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து சென்ற ஒளித்துடிப்பு அம்முப்பட்டகத்தில் பட்டு, ஒரு நொடியில் ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்கு காலத்துக்குள் மீண்டு வந்தது.